செட் என்றால் இருத்து

தரம் 9 பிள்ளைகளுக்கு ஓர் ஆங்கில வாசிப்புப் பகுதியைக் கொடுத்து, தமிழில் எழுதி வரச் சொல்லியிருந்தேன். மட்டக்களப்பின் படுவான்கரையிலிருந்து வரும் ஒரு பிள்ளையின் கொப்பியில் இப்படி இருந்தது: ‘சூரியன் ஆறு மணிக்கு வைத்தது. அம்மா தயிரை வைக்க விட்டார். அண்ணனிடம் ஒரு வை புத்தகங்கள் இருந்தன.’

மூன்று வரியிலும் ஆங்கிலத்தில் நின்றது ஒரே சொல், செட். பிள்ளை அகராதியைத் திறந்திருக்கிறாள், முதலில் போட்டிருந்த பொருளை எடுத்திருக்கிறாள், மூன்று இடத்திலும் அதையே எழுதியிருக்கிறாள். ‘டீச்சர், டிக்சனரியில வை எண்டுதானே இரிக்கி?’ என்று கேட்டாள். ஓம், அப்படித்தான் இருக்கிறது. அகராதியிலும் பிழையில்லை, அவள் உழைப்பிலும் பிழையில்லை. அந்தச் சொல்லை எப்படிப் பார்ப்பது என்று நாங்கள்தான் சொல்லிக் கொடுக்கவில்லை. அன்றைக்கு ஒரு பாடவேளை முழுக்க இந்த ஒரு சொல்லுக்கே போனது. கரும்பலகையில் எழுதியதையும் பிறகு யோசித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். ஆங்கிலம் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கும், வீட்டில் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற தாய் தகப்பனுக்கும் உதவும்.

செட்டுக்கு எத்தனை பொருள் என்று கேட்டால் தலை சுற்றும். ஒக்ஸ்போர்ட் ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பு 1989இல் 20 தொகுதிகளாக வந்தது. அதிலேயே மிக நீளமான பதிவு இந்தச் சொல்லுக்குத்தான். வினைச்சொல்லாக மட்டும் 430 பொருள், ஏறக்குறைய 60,000 சொல் நீளத்துக்கு விளக்கம். பிறகு அகராதியைத் திருத்தி எழுதிக்கொண்டு வந்தபோது 2000இல் மேக் என்ற சொல் அதை முந்தியது, 2007இல் புட் முந்தியது, 2011இல் ரன் எல்லாவற்றையும் தாண்டி 645 பொருளோடு முன்னுக்கு வந்தது. ஆனாலும் செட்டின் சுமை குறையவில்லை. இந்தச் சொற்களைப் பாருங்கள்: செய், வை, போடு, ஓடு என்கிற மாதிரியான அன்றாடச் சொற்கள். கடினமான சொல்லுக்கு ஒரு பொருள்தான் இருக்கும். கையில் எடுத்துப் புழங்கும் சின்னச் சொல்தான் ஆயிரம் வேலை செய்யும். வீட்டில் ஒரு கத்தி தேங்காய் உடைக்கவும் கயிறு அறுக்கவும் விறகு சீவவும் போவது போல.

430 பொருளையும் யாரும் பாடமாக்கத் தேவையில்லை. ஆங்கிலேயரும் பாடமாக்கியதில்லை. இரண்டு விஷயம் தெரிந்தால் போதும், இரண்டும் தமிழில் நமக்கு ஏற்கெனவே பழக்கமானவை.

பாதையில் ஏறினான், பாதையில் நடந்தான்

முதலாவது விஷயத்துக்கு நம் வாவியைத் தாண்டியே போக வேண்டாம். மட்டக்களப்பில் ‘பாதை’ என்றால் என்ன? நடந்து போகிற வழி. வாவியைக் கடக்க மனிதரையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போகிற தட்டையான மிதவைக்கும் பாதை என்றுதான் பெயர். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்தத் துறையைக் கடந்தவர்களுக்குப் பாதை என்றாலே அதுதான். வெளியூரிலிருந்து வந்தவர் ‘பாதை இன்னும் வரல்ல’ என்பதைக் கேட்டால் திகைத்துப் போவார், வழி எப்படி நடந்து வரும் என்று. நமக்கு அந்தக் குழப்பம் ஒருநாளும் வந்ததில்லை. ‘பாதையில ஏறு’ என்றால் மிதவை, ‘பாதையில நட’ என்றால் வழி. பக்கத்தில் நிற்கும் வினைச்சொல் ஒரு நொடியில் பொருளைச் சொல்லிவிடுகிறது.

இதைத் தமிழ் இலக்கணம் வெகுகாலத்துக்கு முன்பே கவனித்திருக்கிறது. தொல்காப்பியம் இப்படிப்பட்ட சொல்லைப் பலபொருள் ஒருசொல் என்கிறது. அதன் பொருள் எதனால் தெளியும் என்பதற்கு மூன்று வழியும் சொல்கிறது: வினை, இனம், சார்பு. உடன் வருகிற வினையைப் பார், கூட நிற்கிற இனமான சொல்லைப் பார், சொல்லப்படும் சூழலைப் பார். ‘மா பூத்தது’ என்றால் மரம். ‘மா ஓடியது’ என்றால் விலங்கு. இலங்கையில் நாம் இன்னொன்றும் சேர்க்கலாம்: ‘மா குழைத்தாள்’ என்றால் ரொட்டிக்கு. மூன்று மாவையும் ஒரே ஆள் ஒரே நாளில் சொல்லலாம், கேட்கிறவர் தடுமாற மாட்டார்.

செட்டுக்கும் மருந்து இதுதான். அந்தச் சொல்லை மட்டும் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் தெரியாது. அதன் இடப்பக்கம் யார், வலப்பக்கம் யார் என்று பாருங்கள். சூரியன் நிற்கிறதா, தயிர் நிற்கிறதா, மணிக்கூடு நிற்கிறதா, புத்தகம் நிற்கிறதா. அந்த அயலவர்தான் பொருளைச் சொல்வார்கள். அகராதியின் முதல் வரி சொல்லாது.

இரு, இருத்து

இரண்டாவது விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. இதைச் சொன்னபோது வகுப்பில் பின்வாங்கில் இருந்த பையன்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஆங்கிலத்தில் சிட் என்றால் இரு, அதாவது கதிரையில் இரு. செட் என்பது அந்தச் சிட்டிலிருந்து பிறந்த சொல். பழைய ஆங்கிலத்தில் சிட்டன் என்றால் இருத்தல், செட்டன் என்றால் இருக்கச் செய்தல். நம் இலக்கணப் பாடத்தில் தன்வினை, பிறவினை என்று படிக்கிறோமே, அதே உறவு. தானே இருந்தால் சிட், இன்னொன்றை இருக்க வைத்தால் செட். அப்படியானால் செட்டுக்குச் சரியான தமிழ்ச் சொல் எது? இருத்து.

தமிழ்நாட்டில் உட்கார் என்பார்கள். நாம் ‘இருங்க’ என்றுதான் சொல்கிறோம், வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து. அதனால் இந்த இணை நம் காதுக்கு உடனே விழும். பிள்ளை இருக்கிறான், பிள்ளையைக் கதிரையில் இருத்தினேன். சிட், செட். ஆங்கிலத்தில் இதே மாதிரி இன்னும் சில சோடி இருக்கின்றன. லை என்றால் கிட, லே என்றால் கிடத்து. ஃபோல் என்றால் விழு, ஃபெல் என்றால் வீழ்த்து, மரத்தை வெட்டி வீழ்த்துவதற்குச் சொல்வது. ரைஸ் என்றால் எழு, ரெய்ஸ் என்றால் எழுப்பு. நாம் சொல்லின் வாலில் ஓர் எழுத்தைக் கூட்டிச் செய்கிற வேலையை அவர்கள் சொல்லின் நடுவில் உயிரொலியை மாற்றிச் செய்திருக்கிறார்கள். லையும் லேயும் எங்கே வரும் என்று பல வருடம் குழம்புகிற பிள்ளைக்கு ‘கிட, கிடத்து’ என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

இப்போது செட்டின் அடியில் கிடக்கும் படத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒன்றை அதற்குரிய இடத்தில் இருத்துகிறோம், அது அங்கேயே இருக்கிறது. இதிலிருந்துதான் முக்கால்வாசிப் பொருளும் கிளைத்து வருகிறது. புட் என்ற சொல்லும் வைப்பதைத்தான் சொல்கிறது, ஆனால் அதில் இந்தக் கவனம் இல்லை. பையைத் தரையில் போட்டாலும் புட், மேசையில் வைத்தாலும் புட். கும்பத்தை அரிசி பரப்பி நிமிர்த்தி, ஆடாமல் அசையாமல் வைக்கிறோமே, அந்த வைப்பு செட். தோட்டில் கல் பதிப்பதும் செட்தான். நாமும் ‘கல்லு வச்ச தோடு’ என்றுதான் சொல்கிறோம். முறிந்த எலும்பை முறிவு வைத்தியர் இழுத்துப் பொருத்திக் கட்டுவதும் செட்தான், விலகியதைத் திரும்ப அதன் இடத்தில் இருத்துகிறார்.

பொருள்களோடு நின்றுவிடாமல் நேரம், நாள், விதி இவற்றையும் இருத்தலாம். மணிக்கூட்டைச் சரியான நேரத்துக்கு மாற்றினால் செட், காலையில் எழும்ப அலாரம் வைத்தால் செட், கலியாணத்துக்கு நாள் குறித்தால் செட், நெல்லுக்கு அரசாங்கம் உத்தரவாத விலை நிர்ணயித்தால் செட், ஆசிரியர் வினாத்தாள் எழுதிப் பரீட்சை வைத்தால் செட். கவனித்தீர்களா, தமிழிலும் பாதி இடத்தில் ‘வை’ வந்து நிற்கிறது. அலாரம் வை, நாள் வை, பரீட்சை வை, பொறி வை, தீ வை, காலடி வை. இவை எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் செட் போடலாம். இரண்டு மொழிக்கும் தொடர்பே இல்லை, ஆனாலும் மனிதன் யோசிக்கிற விதம் பல இடத்தில் ஒரே தடத்தில் போயிருக்கிறது. எல்லா இடத்திலும் அல்ல. ஓட்டத்தில் ஒருவன் சாதனையை செட் பண்ணினான் என்று ஆங்கிலம் சொல்லும், தமிழில் சாதனை வைத்தான் என்றால் விளங்காது, நிலைநாட்டினான் என்போம். நிலைநாட்டுவதும் ஒருவகை இருத்துதல்தான் என்பது வேறு கதை.

தயிரும் சீமெந்தும்

பிள்ளை இடறிய இரண்டாவது வரிக்கு வருகிறேன். அம்மா தயிரை என்ன செய்தார்?

மட்டக்களப்பில் வளர்ந்தவருக்கு இதைப் படம் போட்டுக் காட்டத் தேவையில்லை. எருமைப் பாலைக் காய்ச்சி, விரல் வைத்தால் பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, கொஞ்சம் உறை சேர்த்துக் கலக்கி மண்சட்டியில் ஊற்றுகிறார்கள். மேலே தாள் கட்டி ஒரு மூலையில் வைத்தால் அதோடு சரி, யாரும் தொடக் கூடாது. நடு இரவில் யாராவது சட்டியை நகர்த்தினால் அம்மாவிடம் வாங்கிக் கட்டுவார், ஏனென்றால் அசைத்தால் தயிர் உடைந்து தண்ணீர் பிரிந்துவிடும். விடிய எழும்பிப் பார்த்தால் நேற்றுத் தளும்பிய பால் இன்று தளும்பவில்லை. சட்டியைச் சரித்தாலும் ஓடவில்லை. அகப்பையால் வெட்டினால் வெட்டிய முகம் அப்படியே நிற்கிறது.

இரவு தளும்பியது, காலையில் தன் இடத்தில் இருந்துவிட்டது. இதுதான் செட். இங்கே தமிழ் ‘உறை’ என்ற வேறு சொல்லை எடுக்கிறது, அதனால்தான் பிள்ளைக்கு வழி தெரியவில்லை. ஆங்கிலக்காரர் பார்த்ததும் அதே சட்டியைத்தான், ஆனால் அவர்கள் கவனித்தது ஓடித்திரிந்த ஒன்று இனி ஓடாமல் அமர்ந்துவிட்டதை. இந்தப் பொருளில் வரும்போது செட்டுக்கு ஆள் தேவையில்லை என்பதையும் பாருங்கள். கல்லை ஒருவர் செட் பண்ண வேண்டும். தயிர் தானாகவே செட் ஆகும். ஒரே சொல் பிறவினையாகவும் தன்வினையாகவும் நடமாடுகிறது. வாக்கியத்தில் செட்டுக்குப் பின்னால் ‘எதை’ என்ற கேள்விக்கு விடை இருந்தால் யாரோ ஒன்றை இருத்துகிறார், இல்லாவிட்டால் அது தானே இருக்கிறது. பெரும்பாலும் இந்தச் சோதனை கைவிடாது.

சீமெந்தும் இப்படித்தான் செட் ஆகிறது. நம்மில் பலர் சீமெந்து காய்ந்துதான் இறுகுகிறது என்று நினைக்கிறோம். அப்படியில்லை. சீமெந்து தண்ணீரோடு சேர்ந்து வேதிமாற்றம் அடைந்து இறுகுகிறது, அதனால்தான் மேசன் கொங்கிறீட் போட்ட மறுநாளிலிருந்து அதற்குத் தண்ணீர் விடச் சொல்கிறார். காய்வதற்கு ஆங்கிலத்தில் ட்ரை என்று வேறு சொல் உண்டு. சட்டை ட்ரை ஆகும், செட் ஆகாது. தயிர் செட் ஆகும், ட்ரை ஆகாது. மேசன்மார் ஆங்கிலம் படிக்காமலே ‘செட் ஆகட்டும், மறுகா பாப்பம்’ என்று இந்தச் சொல்லைச் சரியான இடத்தில் போடுகிறார்கள். வேலைத்தளத்தில் கற்ற சொல் பிழைப்பதில்லை.

பொழுது படுகிற கரை

முதல் வரி சூரியன். அந்தப் பிள்ளைக்கு இதை விளக்குவது எனக்கு மிகச் சுலபமாக இருந்தது. காரணம் அவள் ஊரின் பெயரிலேயே விடை இருந்தது.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் கிழக்குப் பக்க நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமும் மாட்டுப்பட்டியுமாக விரிவது படுவான்கரை. சூரியன் எழும் கரை, சூரியன் படும் கரை. மாலையில் நாம் ‘பொழுது பட்டுட்டு’ என்கிறோம். நம் கண்ணுக்குச் சூரியன் வேலை முடிந்து படுக்கிறது. ஆங்கிலேயர் கண்ணுக்கு அது போய் இருக்கிறது, தன் இடத்தில் அமர்கிறது. சன் செட் என்பதில் இருப்பது அந்த அமர்தல். நாம் படுக்க விடுகிறோம், அவர்கள் இருக்க விடுகிறார்கள், சூரியன் என்னவோ ஒன்றுதான்.

‘அப்ப எங்கட ஊருக்கு இங்கிலீசில சன்செட் எண்டு பேர் வருமா டீச்சர்?’ என்று அவள் கேட்டாள். சன்செட் ஷோர் என்று சொல்லலாம், படுவான்கரை என்று சொல்வதற்கு அது ஈடாகாது என்றேன்.

படு என்ற சொல்லையும் இங்கே ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். பொழுது படும், பிள்ளை பாயில் படுப்பான், கண்ணில் ஒன்று படும், ஒருவர் துன்பப்படுவார், வேலை கைகூடாமல் படுத்துவிடும். வெளிநாட்டவர் ஒருவர் தமிழ் படிக்க வந்தால், நாம் செட்டைக் கண்டு திகைப்பதைவிட அதிகமாக அவர் படுவைக் கண்டு திகைப்பார்.

வேறு வீட்டிலிருந்து வந்த செட்

மூன்றாவது வரி, ஒரு செட் புத்தகம். இங்கே நான் இதுவரை சொன்ன இருத்துக் கதை அப்படியே பொருந்தாது. ஏனென்றால் இந்தச் செட் வேறு சொல்.

கூட்டம், தொகுதி என்ற பொருளில் வரும் செட் என்ற பெயர்ச்சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் மூலம் லத்தீனில் செக்டா. ஒருவரைப் பின்பற்றிப் போகும் கூட்டத்துக்குச் சொல்வது. சமயப் பிரிவைக் குறிக்கும் செக்ட் என்ற ஆங்கிலச் சொல்லும் அதே மூலம். எழுத்தும் ஒலியும் ஒன்றாகிவிட்டதால் இரண்டு செட்டும் நாளடைவில் கலந்து பழகின, ஒரு செட் கோப்பை என்றால் ஒன்றாக அடுக்கி வைத்தவை என்ற நினைப்பும் வந்தது. தமிழிலும் இப்படி உண்டு. வைத்தான் என்றால் ஒன்றை வைத்தான், வைதான் என்றால் ஏசினான். இரண்டுக்கும் ஏவல் ‘வை’தான். பிறப்பு வேறு, முகம் ஒன்று.

ஒரு செட் உடுப்பு, பல் செட், ரேடியோ செட் எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைகள். பல பாகம் சேர்ந்து ஒன்றாக இயங்குவதால் ரேடியோவும் தொலைக்காட்சியும் செட் ஆயின. அகராதியில் பெயர்ச்சொல், வினைச்சொல் என்று தனித்தனியாகப் போட்டிருக்கும். செட்டுக்கு முன்னால் ‘அ’ அல்லது ‘த’ என்ற குட்டிச் சொல் வந்து, பின்னால் ‘ஒஃப்’ வந்தால் பெரும்பாலும் இந்தத் தொகுதிச் செட்தான். பிள்ளை அதைக் கவனித்திருந்தால் ‘வை புத்தகங்கள்’ வந்திருக்காது.

கணித பாடத்திலும் செட் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூலில் அதற்குக் கணம் என்று பெயர், இலங்கைப் பாடநூலில் தொடை. தொடை என்று சொன்னதும் வகுப்பில் சிரிப்பு எழும்பும், காலில் இருக்கும் தொடை நினைவுக்கு வருவதால். ஆனால் எனக்கு இந்தச் சொல்லில் ஒரு பெருமை உண்டு. தொடுத்தல் என்றால் பூவைச் சேர்த்துக் கட்டுதல், அதனால் தொடை என்றால் மாலை. யாப்பிலும் மோனை, எதுகை, முரண், இயைபு, அளபெடை என்று தொடை வகை படிக்கிறோம், அங்கேயும் ஒலிகளைச் சேர்த்துத் தொடுப்பதுதான். கணிதத்தில் மூலகங்களை ஒன்றாகத் தொடுத்து அதற்கொரு பெயர் கொடுத்தால் தொடை. செட் என்ற ஆங்கிலச் சொல்லில் பின்தொடரும் கூட்டம் இருக்கிறது, நம் சொல்லில் பூமாலை இருக்கிறது. பிள்ளைகளுக்கு வென் வரிப்படம் கீறும் முன் இதை ஒரு நிமிடம் சொல்லுங்கள்.

வால் முளைத்த செட்

ஆங்கில வினைச்சொல்லுக்குப் பின்னால் அப், ஓஃப், இன், அவுட் என்று ஒரு வால் ஒட்டினால் பொருள் திரும்பிவிடும். இதில் செட் பொல்லாதது.

செட் ஓஃப், செட் அவுட் இரண்டும் பயணம் புறப்படுவது. விடிய நாலு மணிக்குக் கொழும்பு பஸ்ஸுக்குக் கிளம்பினால் செட் ஓஃப். ஆனால் திருவிழாவில் வெடி கொளுத்தினாலும் செட் ஓஃப்தான், இருந்த இடத்திலிருந்து ஒன்றைக் கிளப்பிவிடுவது என்று இரண்டையும் சேர்த்துப் பிடிக்கலாம். செட் இன் என்பது வந்து உட்கார்ந்துகொள்வது, இனி இலேசில் போகாது என்ற பொருளில். கார்த்திகை பிறந்து வானம் இருண்டு, மூன்று நாளாக விடாமல் பெய்யும்போது ‘மழை பிடிச்சிட்டு’ என்கிறோமே, அதற்கு இதைவிடப் பொருத்தமான ஆங்கிலம் எனக்குத் தெரியவில்லை. ஒரு பாட்டம் தூறிவிட்டுப் போகும் மழைக்கு இது பொருந்தாது.

செட் அசைட் என்றால் ஒதுக்கி வை. ஆனால் நீதிமன்றச் செய்தி வாசிக்கும்போது கவனம் தேவை. ஒரு தீர்ப்பை மேல்நீதிமன்றம் செட் அசைட் பண்ணியது என்றால் பிறகு பார்க்கலாம் என்று ஒத்திவைத்ததல்ல, அந்தத் தீர்ப்பையே இல்லாமல் ஆக்கிவிட்டது. செய்தியை மொழிபெயர்க்கும் பிள்ளைகள் இதைக் கட்டாயம் குறித்து வைக்க வேண்டும். ஒருவருடைய வழக்கின் முடிவே தலைகீழாகிவிடும்.

செட் அப் என்றால் அமைப்பது: கடை, சங்கம், கூடாரம், ஒலிபெருக்கி. ஆனால் ஒரு மனிதரை செட் அப் பண்ணினார்கள் என்றால் அவரைப் பொய்யாக மாட்டிவிட்டார்கள் என்று பொருள் வரலாம். அதே வார்த்தை இருவரைக் கூட்டிவைத்து அறிமுகப்படுத்துவதற்கும் வரும். எது என்று தெரிய மறுபடியும் சார்பைத்தான் பார்க்க வேண்டும்.

நாமே செய்துகொண்ட செட்

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘அந்த வேலை எனக்கு செட் ஆகாது’, ‘இந்தச் சட்டை உனக்கு செட் ஆகுது’ என்று இப்போது எல்லோரும் பேசுகிறோம். தமிழுக்குள் அது உயிருள்ள பேச்சு, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அது ஆங்கிலப் பொருளல்ல, நாம் கொடுத்த பொருள். ஆங்கிலத்தில் இதற்கு சூட் என்ற சொல் இருக்கிறது, அளவு பொருந்தினால் ஃபிட். நேர்முகப் பரீட்சையில் இந்த வேலை எனக்கு செட் ஆகும் என்று அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால், கேட்கிறவர் தயிரையும் சீமெந்தையும்தான் நினைப்பார்.

இலக்கணத்தில் இரண்டு சின்ன விஷயம் மட்டும். செட் மூன்று காலத்திலும் முகம் மாறாது, இறந்த காலத்துக்கும் செட்தான். கட், புட், ஹிட் போல. ஆகவே ஹி, ஷி, அல்லது சூரியன் போன்ற ஒருமைப் பெயரோடு வரும்போது ‘ஸ்’ இருந்தால் நிகழ்காலம், இல்லாவிட்டால் பெரும்பாலும் இறந்த காலம். அப்புறம், இருங்கள் என்று சொல்ல சிட் டவுன் என்று எழுத வேண்டும். செட் டவுன் என்று எழுதினால் இறக்கி வை என்றாகிவிடும். காதுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று, அதனால் கொப்பியில் அடிக்கடி இந்தப் பிழை வருகிறது. ‘இரு, இருத்து’ நினைவிருந்தால் கை தானாகத் திருந்தும்.

இல்ல விளையாட்டுப் போட்டியிலும் ஒரு செட் ஒலிக்கிறது. நூறு மீற்றர் ஓட்டத்தில் ஓன் யுவர் மார்க்ஸ் என்றதும் பிள்ளைகள் குனிந்து கையை ஊன்றுகிறார்கள். செட் என்றதும் இடுப்பை உயர்த்தி, அசையாமல் நிற்க வேண்டும். அசைந்தால் பிழை. அதன் பிறகுதான் வெடி. எண்ணூறு மீற்றருக்கு அந்தச் செட்டே கிடையாது, 400 மீற்றர் வரையான ஓட்டங்களுக்கு மட்டும்தான். நின்றபடி தொடங்குகிறவருக்கு உடலை அப்படிப் பூட்டி இருத்தத் தேவையில்லை. ஓடிப் போகிற பிள்ளையைப் பார்த்து, ஓடாதே, அசையாதே, தயாராக இரு என்று சொல்கிற ஒரு சொல். தயிர்ச் சட்டியின் அமைதியும் இந்த ஒரு நொடி அமைதியும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகின்றன.

அடுத்த கிழமை அந்தப் பிள்ளை கொப்பியோடு வந்தாள். மூன்று வரியும் திருத்தப்பட்டிருந்தது: ‘ஆறு மணிக்குப் பொழுது பட்டது. அம்மா தயிரை உறைய விட்டார். அண்ணனிடம் ஒரு தொகுதி புத்தகங்கள் இருந்தன.’ அதற்குக் கீழே அவளாகவே ஓர் ஆங்கில வாக்கியம் எழுதியிருந்தாள். பின்னேரம் ஊர்க் கரப்பந்து மைதானத்தில் அண்ணன்மார் விளையாடுவதைப் பார்த்து எழுதியதாம். அதில் செட் மூன்று இடத்தில் இருந்தது, மூன்றும் வெவ்வேறு. பக்கத்தில் தமிழும் எழுதியிருந்தாள்: ‘மூன்றாவது சுற்றில் பொழுது படும் நேரம் அண்ணன் பந்தை உயர்த்திக் கொடுத்தார்.’ பந்தை அடிப்பதற்கு வாகாக உயர்த்திக் கொடுப்பதற்கும் செட் என்றுதான் பெயர் என்பதை நான் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. ‘பந்தை அடிக்கிறவருக்கு நேரா, சரியான இடத்தில இருத்துறதுதானே டீச்சர்?’ என்றாள்.